கேட்டுச் சொல்றேன்

ரோவீனா பீல் எங்கள் ஊரில் முப்பத்தெட்டு வருஷம் பள்ளி பஸ் ஓட்டினாள். அதில் இருபத்தாறு வருஷம் நான் பஸ் ஷெட்டில் வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் பெயர் லியோனா. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்தச் சாலையில் மரம் விழுந்திருக்கிறது, எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ரோவீனாவைப் பற்றிச் சொல்ல என்னைவிட உரிமையுள்ள ஆள் ஊரில் இல்லை. ஆனாலும் இதைப் படித்தால் பாதியை அவள் மறுப்பாள்.

அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தின் கிழக்குக் கரையில், சிங்கி இறால் பிடித்துப் பிழைக்கிற சின்னத் துறைமுகம் எங்களுடையது. ரோவீனா ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு மத்தி மீன் ஆலைக்குப் போனாள். கத்திரியால் மீன் தலையை வெட்டி டின்னில் அடுக்குகிற வேலை. விரல் பத்திலும் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டுதான் வேலைக்கு நிற்பார்கள். இருபத்துநாலு வயதில் பஸ் லைசென்ஸ் எடுத்தாள். கணவன் கேலன் மாநில நெடுஞ்சாலையில் பனி வாரும் வண்டி ஓட்டினான். ‘ஒரு வீட்ல ரெண்டு டிரைவர், சமைக்கத்தான் ஆளில்ல’ என்று ஊரில் கேலி செய்வார்கள். கேலியில் தப்பில்லை. ரோவீனாவுக்குச் சமையல் வராது.

கேள்வி விவகாரம் தொடங்கியது தொண்ணூற்றிரண்டு ஜனவரியில். மூன்றாம் நம்பர் பஸ் போகிற பாதையில் ஓரிடத்தில் சாலைக்கு ஒரு பக்கம் குட்டை, மறுபக்கம் கடல். ஒரு காலை ஆறு வயதுப் பையன் ஒருவன் முன்சீட்டில் ஏறி மண்டியிட்டு, “மிஸஸ் பீல், குட்டை உறைஞ்சு போச்சு. பக்கத்துல கடல் மட்டும் ஏன் உறையல?” என்று கேட்டிருக்கிறான்.

“மொதல்ல ஒழுங்கா உக்காரு. ஏன்னு எனக்குத் தெரியலையே கண்ணு. கேட்டுச் சொல்றேன்.”

ஷெட்டுக்குள் வந்ததும் பூட்ஸில் இருந்த பனியைத் தட்டாமலே கேட்டாள். எங்கள் மெக்கானிக் ஹாலிஸ் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்.

“உப்பு” என்றார் உள்ளேயிருந்து.

“உப்புன்னா என்ன பண்ணுது?”

“உறைய விடாம பண்ணுது.”

“அதான் எப்படின்னு கேக்கறேன். நான் போயி உப்புன்னு சொன்னா அவன் எப்படின்னு கேப்பான்.”

“நான் ஆயில் மாத்தறவம்மா. எங்கிட்ட வந்து கேக்கற பாரு.”

ரோவீனா என் மேஜை மேலிருந்த டெலிபோன் டைரக்டரியைப் புரட்டினாள். பல்கலைக்கழகத்துக்குப் போன் போட்டாள். அவர்கள் இன்னொருவருக்குக் கொடுத்தார்கள். அவர் இன்னொருவருக்கு. ஐந்தாவதாகக் கரையோர ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு பெண் எடுத்தாள். டாக்டர் தெரியோ என்று பெயர். வடக்கே உருளைக்கிழங்குப் பண்ணைகள் இருக்கிற பக்கத்து ஆள் என்பது பேச்சிலேயே தெரிந்ததாம்.

“நான் பஸ் ஓட்டறவங்க,” என்றாள் ரோவீனா. “ஒரு சின்னப் பையன் கேக்கறான்.”

டாக்டர் என்ன வயது என்று கேட்டிருக்க வேண்டும். “ஆறு” என்றாள். பிறகு, “ஆறு வயசுக்குச் சொல்ற மாதிரி வேணாங்க. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க, போதும். அவன் என்னைவிட வெவரம்.”

தண்ணீர் உறைய வேண்டுமானால் அதன் துகள்கள் கைகோத்து வரிசையாக நிற்க வேண்டும். உப்பு நடுவில் புகுந்து கோத்த கையைப் பிரித்துக்கொண்டே இருக்கும். குளிர் இன்னும் அதிகமானால்தான் உப்பு தோற்கும். இதை ரோவீனா ரூட் தாளின் பின்பக்கத்தில் பெரிய பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டாள். பாதி எழுத்துப் பிழை.

பஸ் பள்ளி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபின் கதவு திறக்க எட்டு நிமிடம் ஆகும். பள்ளி விதி அப்படி. அந்த எட்டு நிமிடம்தான் ஓட்டுநர்களுக்கு நரகம். முப்பத்தொன்பது பிள்ளைகள், மூடிய கதவு, ஈரக் கையுறை நாற்றம். மறுநாள் ரோவீனா எஞ்சினை நிறுத்திவிட்டு எழுந்து நின்று தாளைப் படித்தாள். பஸ் அமைதியாகிவிட்டது. பின்சீட்டில் இருக்கும் எட்டாம் வகுப்புத் தடியன்கள்கூட வாயை மூடிக்கொண்டு கேட்டார்களாம்.

“லியோனா, ஊசி விழுந்தா சத்தம் கேட்டிருக்கும்டி,” என்றாள் திரும்பி வந்து. “இதுக்காக நான் என்ன வேணா கேட்டுட்டு வருவேன்.”

அறிவுத்தாகம் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். அவளுக்கு வேண்டியிருந்தது எட்டு நிமிட அமைதி. தொடக்கத்தில் அவ்வளவுதான்.

காலிக் காபி டின் ஒன்றை ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியால் கட்டினாள். பிள்ளைகள் துண்டுச் சீட்டு எழுதிப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை பதில். கடற்காக்கைக்குப் பனியில் நின்றால் ஏன் கால் விறைப்பதில்லை? ரொம்பக் குளிர் நாளில் மட்டும் பனி ஏன் காலடியில் கிறீச்சிடுகிறது? கொட்டாவி ஏன் ஒட்டிக்கொள்கிறது? திங்கள், செவ்வாய் மதியங்களில் ரோவீனா என் மேஜையில் உட்கார்ந்து போன் போடுவாள். பறவைக்கு ஒருவர், வானத்துக்கு ஒருவர், பல்லுக்கு ஒருவர் என்று ஆள் பிடித்தாள். கடல் சம்பந்தப்பட்டதெல்லாம் தெரியோவுக்கு. ஆராய்ச்சிக்கூடத்து ஆபரேட்டர் குரலை வைத்தே, “யாரு, பஸ்ஸா? இருங்க, கூப்பிடறேன்” என்பாள். போனில் கிடைக்காதவர்களுக்குக் கடிதம். முதலில் நான் எழுத்துப் பிழையைத் திருத்தித் தட்டச்சு செய்து கொடுத்தேன். பறவைக்காரர் ஒருமுறை, ‘தயவுசெய்து கையால் எழுதியதையே அனுப்புங்கள், அதைத்தான் என் சுவரில் ஒட்டுகிறேன்’ என்று பதில் போட்டார். அதோடு என்னை அந்தத் தட்டச்சு வேலையிலிருந்து நீக்கிவிட்டாள்.

ஏறக்குறைய இரண்டு வருஷம் இப்படி ஓடியது. தொண்ணூற்று மூன்று நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, டின்னைக் கவிழ்த்துச் சீட்டுகளைப் பிரித்தவள் ஒன்றை மட்டும் மடித்து மறுபடி உள்ளே போட்டாள்.

“என்னடி அது?”

எடுத்துக் கொடுத்தாள். பென்சில் எழுத்து. ‘அப்பா சிங்கியைக் கொதிக்கிற தண்ணீரில் போடும்போது அதற்கு வலிக்குமா? கீச்சென்று சத்தம் வருகிறது. ஷெல்பி ஆலி.’

ஷெல்பிக்கு ஏழு வயது. அவள் அப்பா வெர்லன் ஆலி. தாத்தாவின் தாத்தா காலத்திலிருந்து சிங்கி பிடிக்கிற குடும்பம்.

“அடுப்புல போடு இத,” என்றேன். “இந்த ஊர்ல நாம எல்லாரும் அந்த இறாலாலதான் சோறு திங்கறோம்.”

“தெரியும்டி.”

அடுத்த வெள்ளியும் அதைப் படிக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. மூன்றாவது வாரம் வந்து உட்கார்ந்து, கையுறையைக் கழற்றாமலே சொன்னாள்: “ஒவ்வொரு வெள்ளியும் படிச்சு முடிச்சதும் அந்தப் புள்ள என் மூஞ்சியப் பாக்குது, லியோனா. ஒண்ணும் கேக்கறதில்ல. பாக்குது, அப்புறம் பையத் தூக்கிட்டு எறங்கிப் போயிருது.”

போனை எடுத்துத் தெரியோவைக் கூப்பிட்டாள். சீட்டைப் படித்துக் காட்டினாள். தெரியோ பேசினாள், ரோவீனா எழுதினாள். ஒரு இடத்தில் நிறுத்தி, “நீங்க வீட்ல எப்படி சமைப்பீங்க?” என்று கேட்டு, அதையும் எழுதிக்கொண்டாள்.

அந்த வெள்ளி ரோவீனா படித்தது இது. அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது, பிழையை மட்டும் திருத்தித் தருகிறேன்:

‘ஷெல்பி கேட்டது. அந்தச் சத்தம் அழுகை இல்லை. சிங்கிக்குக் குரல் கிடையாது. ஓட்டுக்குள்ளிருந்து காற்றும் ஆவியும் வெளியே வருகிற சத்தம் அது. வலிக்குமா என்பதற்கு டாக்டர் தெரியோ சொன்ன பதில்: எனக்குத் தெரியாது. பதினொரு வருஷமாக இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் தெரியாது. நமக்கு இருப்பது போலப் பெரிய மூளை அதற்கு இல்லை, உடம்பு நெடுக நரம்பு முடிச்சுகள்தான். அதனால் வலிக்காது என்று சிலர் சொல்கிறார்கள். வலிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். என்னால் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. நான் வீட்டில் முதலில் அரைமணி நேரம் பனிக்கட்டியில் புதைத்து வைப்பேன். அது மந்தமாகிவிடும். வலி இல்லையென்றால் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. இருந்தால் கொஞ்சமாவது குறையும்.’

அன்று சாயங்காலமே எனக்குப் போன் வரத் தொடங்கியது. ஏழு வீட்டில் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிட்டார்களாம். சனிக்கிழமை காலை, ரோவீனா தன் வண்டியைக் கழுவ வந்திருந்தபோது, வெர்லன் ஆலி தன் பிக்கப் வண்டியை ஷெட் வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். நல்ல உயரம். முகமெல்லாம் சிவந்திருந்தது.

“எம் பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்க?”

“கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.”

“ஸ்பூனைக் கீழ வெச்சுட்டு, ‘அதுக்கு வலிக்கலாமாம்ப்பா’ன்னு சொல்றா. எங்கப்பன், அவங்கப்பன், எல்லாரும் செஞ்ச தொழில். நாங்கல்லாம் கொலைகாரங்களா?”

“அப்படி நான் சொல்லலடா.”

“வலிக்கும்னு சொன்னீங்கள்ல?”

“யாருக்கும் தெரியாதுன்னு சொன்னேன். இந்தத் துறைமுகத்துல எவனுக்காவது தெரியும்னா கூட்டிட்டு வா. வர்ற வெள்ளிக்கிழமை அதையும் படிக்கறேன்.”

“உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? பஸ் ஓட்டற வேலைய மட்டும் பாருங்க.”

ரோவீனா ஹோஸை மூடினாள். “ரெண்டாங்கிளாஸ்ல ஒம்பதாம் சீட்ல வாந்தி எடுத்தியே, அதத் தொடச்சது யாரு? அது பஸ் ஓட்டற வேலைல சேர்ந்ததாடா வெர்லன்?”

வண்டிக்கு அடியில் ஹாலிஸ் சிரித்துவிட்டார். அதுதான் கெடுத்தது. வெர்லன் வெளியே போய், பிக்கப் கதவை அறைந்து சாத்தினான்.

பத்து நாளில் பள்ளி சூப்பரின்டெண்டிடமிருந்து கடிதம் வந்தது. ஓட்டுநர்கள் பஸ்ஸுக்குள் பாடமோ கருத்தோ எதுவும் சொல்லக்கூடாது. டின் எடுக்கப்பட வேண்டும். ரோவீனா கம்பியை அறுத்து டின்னைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். தெரியோவுக்குப் போன் போட்டு, இனிமேல் தொந்தரவு செய்யமாட்டேன் என்று சொன்னாள்.

அந்தப் பக்கம் டாக்டர் வருத்தப்பட்டிருக்க வேண்டும். “ஐயோ, உங்களால இல்லைங்க,” என்றாள் ரோவீனா. “நீங்க உள்ளதச் சொன்னீங்க. நான் உள்ளதப் படிச்சேன். ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல.” திங்கட்கிழமை மதியங்களில் எங்கே போவது என்று தெரியாமல் ஜனவரி முழுக்கப் பஸ் ஜன்னல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை எட்டு நிமிடத்தில் மறுபடி கூச்சல். யாரோ ஒருவனின் பூட்ஸ் ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது.

பிப்ரவரியில் ஒரு நாள் வெர்லன் வந்தான். அந்தப் பருவத்தில் சிங்கி பிடிக்கிற கூண்டுகளெல்லாம் கரையில்தான் அடுக்கியிருக்கும், ஆண்களுக்கு வேலை குறைவு. ரோவீனா அப்போது ஷெட்டில் இல்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

“லியோனாக்கா, அந்த டாக்டரம்மா நம்பர் இருக்கா?”

“எதுக்கு?”

“சண்டை போட இல்ல.” தொப்பியைத் திருப்பினான். “ஷெல்பி படகுத்துறைக்கு வர்றதில்ல. முன்னெல்லாம் சனிக்கிழமைன்னா எனக்கு முன்னாடி பூட்ஸ மாட்டிக்கிட்டு நிப்பா. இப்ப வீட்லயே இருக்கேங்கறா. அழல, ஒண்ணும் பண்ணல. மரியாதையாத்தான் பேசறா. அதான் தாங்கல.”

டாக்டருக்குப் போன் போட்டு, என் நாற்காலியைக் கொடுத்தேன். நான் சாவிகளைத் தரம் பிரிப்பது போல நடித்தேன். வெர்லன் முதலில் தடுமாறினான். “நான் அந்தப் பொண்ணோட அப்பாங்க” என்று தொடங்கினான். பத்து நிமிடத்தில் அவன் குரல் மாறிவிட்டது. “இல்லைங்க, மார்ச்சுல தூக்கினா கட்டை மாதிரி கெடக்கும். ஆகஸ்ட்ல அதே ஆளு கையக் கவ்விரும்… ஆமா, தண்ணி சில்லுன்னு இருக்கணும்… நான் பாத்திருக்கேன்… நெஜமா அத யாரும் எழுதி வெக்கலையா?” என்று போனது. மேஜையில் விரலால் கடலடிப் பாறையெல்லாம் வரைந்தான். ஒருமணி நேரம் பேசினான். முடித்ததும், “அவங்க கேக்கற கேள்விக்கு எனக்குத்தான்க்கா பதில் தெரியுது” என்றான், ஆச்சரியமாக.

மார்ச்சில் பள்ளிக் குழுக் கூட்டம் ஜிம்மில் நடந்தது. கொதிகலன் பழுது, கூரை ஒழுகல், இதெல்லாம் முடிந்தபின் வேறு யாராவது பேச வேண்டுமா என்று கேட்டார்கள். வெர்லன் எழுந்தான். அவன் பொது இடத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. ரோவீனா என் பக்கத்தில் இருந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“எம் பொண்ணு என்னைத்தாங்க மொதல்ல கேட்டா,” என்றான். “பஸ்ல சீட்டுப் போடறதுக்கு முன்னாடியே. ‘அதெல்லாம் ஒண்ணும் தெரியாது அதுக்கு, சாப்புடு’ன்னு சொல்லிட்டேன். எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன். மிஸஸ் பீல் தெரியாதுன்னு சொன்னாங்க. இப்ப ரெண்டு பேர்ல யாரு பேச்ச எம் பொண்ணு நம்புவா? நானா இருந்தா அவங்களத்தான் நம்புவேன்.” அப்புறம் என்ன சொல்வதென்று தெரியாமல், “அவ்வளவுதான். கொதிகலன சரி பண்ணுங்க, குளுருது” என்று உட்கார்ந்துவிட்டான்.

டின்னை மறுபடி கட்டலாம் என்று நாலுக்கு மூன்று வாக்கு விழுந்தது. ரோவீனா அழவில்லை. என் மணிக்கட்டில்தான் நாலு நாளைக்கு நீலம் இருந்தது.

ஜூலையில் தெரியோ வந்தாள். வெர்லனின் படகில் ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டிருந்தாள். ரோவீனாவும் வர வேண்டும் என்று சொல்லியனுப்பினாள். இரண்டு வருஷத்துக்கு மேல் போனில் பேசியவர்கள், ஒருவரையொருவர் கண்டதில்லை. ரோவீனா தேவாலயத்துக்குப் போடுகிற சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டாள். காரில், “அவங்க என்ன படிச்சிருக்கேன்னு கேட்டா?” என்றாள்.

“கேக்கமாட்டாங்கடி.”

“கேட்டா?”

“ஒம்பதாவதுன்னு சொல்லு. அவங்க எத்தன பஸ் ஓட்டியிருக்காங்கன்னு திருப்பிக் கேளு.”

படகுத்துறையில் நின்றிருந்த பெண் ரோவீனாவின் தோள் உயரம்தான் இருந்தாள். மஞ்சள் ரெயின்கோட் முழங்காலுக்குக் கீழே தொங்கியது, யாரிடமோ இரவல் வாங்கியது. இரண்டு பேரும் கையைக் குலுக்கினார்கள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தார்கள்.

“போன்ல நீங்க ரொம்ப உசரமா இருந்தீங்க டாக்டர்.”

“நீங்க போன்ல இன்னும் வயசானவங்களா இருந்தீங்க,” என்றாள் தெரியோ. “ஒவ்வொரு திங்கக்கெழமையும் மதியம் நான் எங்கயும் போறதில்ல தெரியுமா? ஜனவரியில போன் வரல. சும்மா அந்த போனையே பாத்துக்கிட்டிருந்தேன்.”

ரோவீனா தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குள் துறையின் மறுமுனையிலிருந்து ஷெல்பி ஓடி வந்தாள். பூட்ஸ் போட்டிருந்தாள். ரோவீனா அவளைப் பார்த்துக் கையை நீட்டினாள், எதையோ கேட்கத்தான் வருகிறாள் என்று பிள்ளையின் முகத்திலேயே தெரிந்தது. ஷெல்பி ஒரு ‘ஹலோ மிஸஸ் பீல்’ சொல்லிவிட்டு அவளைத் தாண்டிப் போய் டாக்டருக்கு முன்னால் நின்றாள்.

“சிங்கி ஓட்டைக் கழட்டினப்பறம் புது ஓடு கெட்டியாகற வரைக்கும் எங்க ஒளிஞ்சிருக்கும்? அதுக்குப் பயமா இருக்குமா?”

“பயமான்னு தெரியாது. எங்க ஒளியும்கறது ஒங்கப்பாவுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். வா, போயி அவரையே கேப்போம்.”

இரண்டு பேரும் படகில் ஏறினார்கள். வெர்லன் இரண்டு கையாலும் தூக்கி மகளை உள்ளே இறக்கினான். ரோவீனாவையும் கூப்பிட்டான். படகு வேண்டாம் என்றாள். முப்பத்தொன்பது பிள்ளைகளோடு பனியில் வண்டி ஓட்டுகிறவளுக்குத் தண்ணீர் என்றால் பயம்.

நாங்கள் கரையில் கூண்டுகள் மேல் உட்கார்ந்தோம். படகு முனையைத் தாண்டியது.

“என்னைத் தாண்டிப் போயிட்டா பாத்தியா,” என்றாள்.

“பாத்தேன்.”

“சுருக்குன்னு இருந்துச்சு. அப்புறம் சந்தோஷமா இருந்துச்சு.” மூக்கைத் துடைத்தாள். “இப்ப மறுபடி சுருக்குங்குது. இது என்னடி எழவு?”

“கேக்கறதுக்கு ஆள் இருக்காங்கள்ல, திங்கக்கெழமை போன் போட்டுக் கேளு.”

என் முழங்காலில் ஓர் அடி வைத்தாள்.

பிற்பகலில் படகு திரும்பியபோது தெரியோவின் முகம் வெளிறிப்போயிருந்தது. கடல் ஆராய்ச்சி செய்கிறவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. ரோவீனா அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோபாவில் படுக்கவைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டாள். அன்று சனிக்கிழமை என்பதால் எங்கள் பக்கத்து வழக்கப்படி கேலன் பீன்ஸ் பயறு வேகவைத்திருந்தான், கூடவே பழுப்பு ரொட்டி. ஆறு மணிக்குத் தெரியோ எழுந்து மூன்று தட்டு சாப்பிட்டாள். தன் அப்பாவின் உருளைக்கிழங்கு வயலில் ஏழு வயதில் கூடை சுமந்ததைச் சொன்னாள். ரோவீனா மத்தி ஆலையைப் பற்றிச் சொன்னாள், விரல்களை விரித்துத் தழும்புகளைக் காட்டினாள். தெரியோ தன் விரல்களையும் விரித்து, சிங்கி கவ்விய தழும்புகளைக் காட்டினாள். எது எந்த வருஷத்தது என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேலனும் நானும் பாத்திரம் கழுவினோம்.

அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் ரோவீனா பஸ் ஓட்டினாள். இப்போது எழுபத்தேழு வயது, முழங்கால் இரண்டும் மாற்றியாயிற்று. தெரியோவும் ஓய்வு பெற்று வடக்கே போய்விட்டாள். போன வாரம் திங்கட்கிழமை மதியம் ரோவீனா வீட்டுக்குப் போனபோது அவள் தெரியோவோடு போனில் இருந்தாள். கையைக் காட்டி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, பனியைப் பற்றியும், யாரோ ஒரு மருமகளைப் பற்றியும், கத்தரிக்காய் ஏன் கசக்கிறது என்பதைப் பற்றியும் முக்கால் மணி நேரம் பேசினாள். நான் காபியை நானே போட்டுக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.